பக்கவாட்டில் நகர்ந்த ராக்கெட்



ஒரு ராக்கெட்டைக் கொளுத்திவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களைக் கேட்டால், "மேலே போகும், இல்லாவிட்டால் வெடிக்கும்" என்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த கோடியாக் தீவிலிருந்து ஏவப்பட்ட ஒரு ராக்கெட் இவ்விரண்டில் எதையும் செய்யவில்லை. ஏவுமேடையை விட்டுச் சிறிதே எழும்பிற்று. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு, கைதவறிப்போன பொருளைத் தேடுகிறவர் போல, தரைக்குச் சற்று மேலே மிதந்தபடியே பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. சில விநாடிகள் இப்படி உலாவிய பின்னர், மனம் மாறியதுபோல் நிமிர்ந்து, மேல்நோக்கிக் கிளம்பி, மேகத்தை நோக்கிப் போய்விட்டது.

இக்காட்சியைத் திரையில் பார்த்தவர்கள் பலர் சிரித்தார்கள். நியூட்டனின் விதிகளைப் படித்த நீங்கள் சிரிப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சில விநாடிக் காட்சிக்குள் இயக்கவியல் பாடத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

அந்த ராக்கெட்டின் அடிப்பகுதியில் ஐந்து எஞ்சின்கள் இருந்தன. தரையை விட்டு எழும்பி ஒரு விநாடி ஆவதற்குள் அவற்றில் ஒன்று நின்றுவிட்டது. மீதி நான்கும் எரிந்துகொண்டிருந்தன. ராக்கெட் ஏறவும் இல்லை, விழவும் இல்லை. அப்படியானால் நான்கு எஞ்சின்களின் உந்துவிசை ராக்கெட்டின் எடைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்திருக்க வேண்டும். எடையை 100 பங்கு என்று கொள்வோம். நான்கு எஞ்சின்களின் விசை 100 என்றால் ஓர் எஞ்சினுக்கு 25. ஐந்துக்கும் சேர்த்து 125. ஆகவே, எல்லாம் சரியாக இருந்திருந்தால் ராக்கெட்டை மேலே தூக்கும் நிகர விசை எடையில் கால் பங்கு. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு முடுக்கத்தோடு அது கிளம்பியிருக்கும். யாரும் நமக்கு எந்த அளவையும் கொடுக்கவில்லை. "மிதந்தது" என்ற ஒரு செய்தியிலிருந்தே இவ்வளவையும் கண்டுபிடித்துவிட்டோம்.

சரி, ஏன் பக்கவாட்டில் நகர்ந்தது? நின்றுபோன எஞ்சின் ராக்கெட்டின் நடு அச்சிலிருந்து விலகி இருந்தது. அது நின்றதும் மற்ற நான்கின் தொகுபயன் விசை ராக்கெட்டின் நிறை மையத்தின் வழியே செல்லாமல் சற்று ஒதுங்கிப் போயிற்று. கதவைக் கீல் ஓரத்தில் தள்ளாமல் கைப்பிடி ஓரத்தில் தள்ளினால் அது சுழல்கிறதல்லவா? அதுபோல ராக்கெட்டும் சுழன்று கவிழ முயன்றது. ஆனால் அதன் எஞ்சின்கள் அசைந்து திரும்பக்கூடியவை. நீண்ட கம்பு ஒன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை ஓட்டிக் கம்பை நிமிர்த்துவீர்கள். ராக்கெட்டின் கணினியும் அதைத்தான் செய்தது. நான்கு எஞ்சின்களையும் திருப்பி ராக்கெட் கவிழாமல் காத்தது. அப்படிச் சாய்ந்த நிலையில் உந்துவிசைக்குக் கிடைத்திசைக் கூறு ஒன்று உண்டாகிவிட்டது. அந்தக் கூறுதான் ராக்கெட்டைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றது.

கடைசியாக, பின்னர் ஏன் மேலே போனது? எஞ்சின் ஒன்றும் மீண்டும் எரியத் தொடங்கவில்லை. விசை கூடவில்லை, எடைதான் குறைந்தது. மண்ணெண்ணெய் எரிக்கும் ராக்கெட்டில் எரிவாயுக்கள் தரை மட்டத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உந்துவிசை என்பது விநாடிக்கு வெளியேறும் நிறையை அந்த வேகத்தால் பெருக்கி வருவது. அது எடைக்குச் சமமாக இருக்க வேண்டுமானால், 9.8-ஐ 2,500-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு. அதாவது ஒவ்வொரு விநாடியும் ராக்கெட் தன் நிறையில் 250-இல் ஒரு பங்கை வெளியே கக்கி இலேசாகிக்கொண்டிருந்தது. பத்து விநாடியில் எடை 100-லிருந்து 96 ஆகிவிடும். விசை 100, எடை 96. பளு குறைந்த மாட்டுவண்டி மேட்டில் ஏறுவது போல ராக்கெட் ஏறத் தொடங்கிவிட்டது. நின்ற எஞ்சினைச் சுமந்துகொண்டே அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரம் வரை போயிற்று. ஆனால் வகுத்த பாதையை விட்டு வெகுவாக விலகிவிட்டதால், கிளம்பி இரண்டரை நிமிடத்தில் எஞ்சின்களை நிறுத்தும்படி தரையிலிருந்து ஆணை சென்றது. ராக்கெட் கடலில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

எஞ்சின் நின்றதற்குக் காரணம் என்ன? ஏவும் வரையில் ராக்கெட்டுக்கு எரிபொருளையும் திரவ ஆக்சிஜனையும் கொண்டுவரும் குழாய்கள் அது எழும்பும் கணத்தில் தாமாகக் கழன்றுகொள்ளும். அப்போது சிறிதளவு மண்ணெண்ணெயும் சிறிதளவு ஆக்சிஜனும் கசிந்து, ராக்கெட்டுக்கும் மேடைக்கும் இடைப்பட்ட குறுகிய இடத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. எஞ்சினின் சுடர் பட்டதும் கலவை தீப்பற்றியது. திறந்த வெளியில் இது ஒரு 'குப்' என்ற ஓசையோடு போயிருக்கும். மூடிய இடத்தில் அழுத்தம் திடீரென ஏறி, ஓர் எஞ்சினின் பம்ப்பை இயக்கும் மின்னணுக் கருவியின் இணைப்பை அறுத்துவிட்டது. அவ்வளவுதான். அடுத்த ராக்கெட்டில் இரு குழாய்களின் இணைப்பிடங்களையும், கசிந்தாலும் கலக்க முடியாதபடி மாற்றி அமைத்தார்கள்.

நாள்தோறும் ஒரு ராக்கெட்

இந்த ராக்கெட்டைச் செய்தது அரசாங்கம் அல்ல; ஆஸ்ட்ரா என்னும் தனியார் நிறுவனம். (நம் 'அஸ்திரம்' போல ஒலித்தாலும் அதற்கும் இதற்கும் உறவில்லை, லத்தீன் மொழியில் 'விண்மீன்கள்' என்று பொருள்.) கிறிஸ் கெம்ப், ஆடம் லண்டன் என்னும் இருவர் 2016-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை அடுத்த அலமீடா என்ற ஊரில், கடற்படையினர் ஒரு காலத்தில் விமான எஞ்சின்களைச் சோதித்துப் பார்த்த பழைய கட்டடமே இவர்களுடைய தொழிற்சாலை.

இவர்களுடைய எண்ணம் எளிமையானது, துணிச்சலானது. துணைக்கோள்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. ஒரு செருப்புப் பெட்டி அளவில்கூட இன்று பயனுள்ள துணைக்கோள் செய்துவிடலாம். ஆனால் அதனைக் கொண்டுபோகும் ராக்கெட்டோ பெரியது. சின்னத் துணைக்கோள் பெரிய ராக்கெட்டில் ஒட்டிக்கொண்டு போகவேண்டும். அது போகிற பாதையில்தான் இதுவும் போகமுடியும். பேருந்தில் போகிறவர் பேருந்து நிற்குமிடத்தில்தான் இறங்கவேண்டும் என்பது போல. ஆஸ்ட்ரா ஓர் ஆட்டோரிக்ஷா ஓட்ட விரும்பியது. பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள, 12 அல்லது 13 மீட்டர் உயரமே உள்ள சிறிய ராக்கெட். விலையுயர்ந்த கார்பன் இழைக்குப் பதில் அலுமினியம். சுழலியால் ஓடும் பம்ப்புகளுக்குப் பதில் மின்கலத்தால் ஓடும் பம்ப்புகள். ஒரு சரக்குப் பெட்டகத்துக்குள் ராக்கெட்டை அடைத்து எந்த ஊருக்கும் அனுப்பலாம். அங்கே சிலர் மட்டும் போய் ஏவிவிட்டு வரலாம். கார்த் தொழிற்சாலையைப் போல ராக்கெட்டுகள் வரிசையாக வெளிவர வேண்டும். 2025-ஆம் ஆண்டுக்குள் நாளுக்கு ஒன்று ஏவ வேண்டும் என்பது இலக்கு.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு ராக்கெட் ஒருபோதும் தவறக்கூடாது என்றால், அதன் ஒவ்வோர் உறுப்பையும் பலமுறை சோதிக்க வேண்டும். செலவு ஏறிக்கொண்டே போகும். சிற்சில தோல்விகள் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டால், செலவு பெரிதும் குறையலாம். மலிவான பத்து ராக்கெட்டில் ஒன்று போனால் என்ன? கேட்பதற்குக் குறை சொல்ல முடியாத வாதம். ஆனால் 'சிற்சில' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

2018-இல் சுற்றுப்பாதைக்குச் செல்லும் நோக்கமில்லாத இரண்டு சோதனை ராக்கெட்டுகள் பறந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் ஒன்று, குறுகிய கால அறிவிப்பில் ராக்கெட் ஏவிக் காட்டுவோருக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்திருந்தது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள், ஆஸ்ட்ரா மட்டுமே களத்தில் நின்றது. 2020 மார்ச் 2-ஆம் நாள், கெடு முடியும் வேளையில், எண்ணிக்கை ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்தபோது, வழிகாட்டும் கருவி ஒன்றின் அளவீடு சரியில்லை என்று கண்டு நிறுத்திவிட்டார்கள். பரிசு போயிற்று. நிறுத்தியது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஐயத்தோடு ஏவுவது சூதாட்டம். ஆனால் அதே மாதம் 23-ஆம் நாள், ஏவுமேடையில் நடந்த ஒத்திகையின்போது அந்த ராக்கெட் எரிந்து அழிந்தது. செப்டம்பரில் இன்னொன்று கிளம்பி, வழிகாட்டும் அமைப்பு சற்றே ஊசலாட, பாதை விலகி, நிறுத்தப்பட்டு விழுந்தது.

அரைக் கிலோமீட்டர் குறைவு

2020 டிசம்பர் 15-ஆம் நாள் ஏவப்பட்ட ராக்கெட்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது எல்லாவற்றையும் சரியாகச் செய்தது. ஏறத்தாழ 390 கிலோமீட்டர் உயரத்தை அடைந்தது. விநாடிக்கு 7.2 கிலோமீட்டர் வேகத்தையும் அடைந்தது. வேண்டியிருந்ததோ 7.68. விநாடிக்கு அரைக் கிலோமீட்டர்தான் குறைவு. நூற்றுக்கு 94 மதிப்பெண்! பள்ளியில் என்றால் பாராட்டு விழா. ஆனால் துணைக்கோள் வித்தையில் 94 என்பது பூஜ்யத்துக்குச் சமம். ஏன் என்று பார்ப்போம்.

விண்வெளியில் ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 390 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. அங்கே ஒரு பொருள் விழாமல் இருப்பதில்லை, விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அது பக்கவாட்டில் போகும் வேகம் போதுமானதாக இருந்தால், அது விழுகிற அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே தரையை அது எட்டுவதேயில்லை. அந்த உயரத்துக்கு இந்த வேகம் 7.68.

7.2 கிலோமீட்டர் வேகத்தோடு கிடையாகச் செல்லும் பொருளும் நீள்வட்டப் பாதையில்தான் செல்லும். அதன் மிக உயரமான இடம் 390 கிலோமீட்டர். மறுகோடியில் உள்ள மிகத் தாழ்வான இடம் எங்கே என்று கெப்ளர் காட்டிய வழியில் கணக்கிட்டால், பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர் என்று வருகிறது. பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். அதாவது அந்த இடம் தரைக்குக் கீழே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில்! பாதை காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் பூமி குறுக்கிடுகிறது. நிலத்துக்குள் புகுந்து மறுபக்கம் வர ராக்கெட்டால் முடியாது. வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்து போகும்.

அந்த அரைக் கிலோமீட்டர் ஏன் குறைந்தது? மேற்கட்ட எஞ்சினில் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் குறிப்பிட்ட விகிதத்தில் எரிய வேண்டும். இத்தகைய எஞ்சின்களில் ஒரு கிலோ மண்ணெண்ணெய்க்கு இரண்டு, இரண்டரைக் கிலோ ஆக்சிஜன் செலவாகும். விகிதம் சற்றுப் பிசகியதால் மண்ணெண்ணெய் முன்னதாகவே தீர்ந்துபோயிற்று, ஆக்சிஜன் மிஞ்சியது. இட்லிக்கு ஊறப்போடும்போது உளுந்து தீர்ந்துவிட்டால் மூட்டை அரிசி இருந்தும் பயனில்லை என்று உங்கள் அம்மா சொல்வார்கள். இங்கே அதைவிட மோசம். மிஞ்சிய அரிசி வீட்டில் சும்மா கிடக்கும். மிஞ்சிய ஆக்சிஜனை ராக்கெட் கடைசிவரை சுமந்தாக வேண்டும். ஒரே பிழை வேகத்தை இருமுறை குறைக்கிறது.

இதற்குப் பிறகு வந்ததுதான் நாம் முதலில் பார்த்த பக்கவாட்டு ராக்கெட். அதனையும் திருத்தி, அடுத்ததை அலாஸ்கா நேரப்படி 2021 நவம்பர் 19-ஆம் நாள் இரவில் ஏவினார்கள். அது 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுப்பாதையை அடைந்தது. அதில் துணைக்கோள் இல்லை, சோதனைக் கருவி மட்டுமே இருந்தது. ஆனாலும் நிறுவனம் தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் சுற்றுப்பாதையைத் தொடுவது சாதாரணச் செயலன்று. பல நாடுகள் தம் அரசின் முழு வலிமையோடு முயன்றும் இதைவிட அதிக காலம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. சிரித்தவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரைபடம் சொன்னபடி

2022 பிப்ரவரி 10-ஆம் நாள் புளோரிடாவில் கேப் கனவெரலிலிருந்து ஆஸ்ட்ராவின் ராக்கெட் முதன்முதலாக உண்மையான துணைக்கோள்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நான்கு சிறு துணைக்கோள்கள். அவற்றில் மூன்று பல்கலைக்கழகங்களில் உருவானவை. அலபாமா, நியூ மெக்சிகோ, கலிபோர்னியா மாநிலங்களைச் சேர்ந்த மாணவர்கள் அவற்றுக்காக உழைத்திருந்தார்கள். உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள்.

இந்த ராக்கெட்டில் மேற்கட்டம் முழுவதும் ஒரு மூடிக்குள் இருக்கும். கீழ்க்கட்டம் எரிந்து முடிந்ததும், மூடி இரண்டாகப் பிளந்து விலக வேண்டும். அதன் பிறகே மேற்கட்டத்தின் எஞ்சின் எரிய வேண்டும். மூடியைப் பூட்டியிருக்கும் கொக்கிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் விடுபட வேண்டும். அன்று வரிசை மாறி விடுபட்டன. மூடி கோணலாக அசைந்து, ஒரு மின் இணைப்பு கழன்றுபோயிற்று. கடைசிக் கொக்கிக்கு ஆணை போய்ச் சேரவேயில்லை. மூடி திறவாத நிலையில் உள்ளே எஞ்சின் எரிந்தது. மேற்கட்டம் மூடியை முட்டி உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. கூடவே மென்பொருள் கோளாறும் சேர்ந்துகொள்ள, எஞ்சினைத் திருப்பிச் சமநிலைக்கு வர முடியாமல் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போயிற்று. நான்கு துணைக்கோள்களும் அழிந்தன.

ஆராய்ந்தபோது கண்டது: மின்கம்பிகளைப் பொருத்தியவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. வரைபடம் சொன்னபடியே பொருத்தியிருந்தார்கள். வரைபடத்திலேயே இரண்டு இணைப்புகள் இடம் மாறியிருந்தன! ஆய்வுக்கூடத்தில் மின்சுற்றுச் சோதனை செய்யும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் இணைத்த சுற்றைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரி பார்ப்பீர்கள். ஆனால் படம் தவறாக இருந்தால், அப்படிச் சரிபார்க்கும் எந்தச் சோதனையும் தவற்றைக் காட்டிக்கொடுக்காது. முடிவில் கொக்கி எந்த வரிசையில் விடுபடுகிறது என்று நேராகப் பார்க்கிற சோதனை ஒன்றே காட்டிக்கொடுக்கும்.

ஒரே மாதம். 2022 மார்ச் 15-ஆம் நாள் மீண்டும் கோடியாக்கிலிருந்து ஏவினார்கள், வெற்றி. அதில் சென்றவற்றுள் ஒன்று ஆரெகான் மாநிலத்துப் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த துணைக்கோள்; அந்த மாநிலத்தின் முதல் துணைக்கோளும் அதுதான். கோளாற்றைக் கண்டு, திருத்தி, ஐந்தே வாரத்தில் மறுபடி ஏவுவது என்பது பெரிய நிறுவனங்களாலும் எளிதில் முடியாத வேலை. ஆஸ்ட்ராவின் கொள்கை சரியென்று காட்டிய நாள் ஒன்று உண்டானால் அது இந்த நாள்தான்.

காகிதக் கிண்ணமும் எரி அறையும்

இந்தச் சோதனையைப் பெரியவர்கள் துணையோடு செய்துபாருங்கள். மெல்லிய காகிதத்தைக் கிண்ணமாக மடித்து, நீர் ஊற்றி, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடியுங்கள். நீர் கொதிக்கும்; காகிதம் எரியாது. சுடர் தரும் வெப்பத்தை நீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்வதால் காகிதம் தீப்பற்றும் வெப்பநிலையை அடைவதில்லை. நீர் மட்டம் இறங்கிய இடத்தில் சுடர் பட்டால் அந்த இடம் மட்டும் கருகி ஓட்டையாகும்.

ராக்கெட் எஞ்சினின் எரி அறையும் ஒரு காகிதக் கிண்ணமே. உள்ளே எரியும் வாயுவின் வெப்பநிலை, சுவர் செய்யப்பட்ட உலோகத்தையே உருக்கிவிடும். ஆகவே எரிவதற்கு முன்பாக மண்ணெண்ணெயைச் சுவருக்குள் இருக்கும் மெல்லிய வாய்க்கால்களின் வழியே ஓடவிட்டு, சுவரைக் குளிர்வித்து, பிறகு தெளிப்பான் வழியாக உள்ளே பாய்ச்சுவார்கள். நெருப்பை மூட்டும் பொருளே நெருப்பிலிருந்து காக்கவும் செய்கிறது! ராக்கெட் வித்தையில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு வேறில்லை என்பேன்.

2022 ஜூன் 12-ஆம் நாள் கேப் கனவெரலிலிருந்து கிளம்பிய ராக்கெட்டில் நாசா நிறுவனத்தின் இரண்டு சிறு துணைக்கோள்கள் இருந்தன. 'டிராபிக்ஸ்' என்பது திட்டத்தின் பெயர். வெப்பமண்டலப் புயல்களுக்குள் வெப்பமும் ஈரமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை நுண்ணலைகளைக் கொண்டு அடிக்கடி அளப்பது அதன் நோக்கம். வங்கக் கடலில் உருவாகி நம் கரைக்கு வரும் புயல்களும் இவ்வகையைச் சேர்ந்தவைதாம். எனவே இதில் நமக்கும் அக்கறை உண்டு. கீழ்க்கட்டம் சரியாக வேலை செய்தது. மேற்கட்டத்தில் எரிபொருள் தெளிப்பானில் ஓர் அடைப்பு. குளிர்ச்சி குறைந்த இடத்தில் சுவர் உருகி ஓட்டையாயிற்று. எரிபொருள் வேண்டாத வழியில் வெளியேறி, வேளைக்கு முன்னதாகவே தீர்ந்துவிட்டது. வேண்டிய வேகத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் கிடைத்தது. இரு துணைக்கோள்களும் போயின.

இனி, 'சிற்சில தோல்விகள்' என்ற அந்தக் கணக்குக்கு வருவோம். நாசா கவலையற்று இருக்கவில்லை. ஆறு துணைக்கோள்களை மும்முறை, முறைக்கு இரண்டாக அனுப்பத் திட்டமிட்டது. மூன்று ஏவல்களுக்கும் சேர்த்து விலை 79 லட்சத்து 50 ஆயிரம் டாலர்; விண்வெளிக் கணக்கில் இது மிக மலிவு. மூன்றில் இரண்டு வெற்றி பெற்றாலே திட்டம் நிறைவேறும்படி வகுத்திருந்தார்கள். ஓர் ஏவல் வெற்றி பெறும் நிகழ்தகவு ஐந்தில் நான்கு என்று வைத்துக்கொண்டால், மூன்றில் குறைந்தது இரண்டு வெற்றி பெறும் நிகழ்தகவு ஏறத்தாழ 90 சதவீதம். நல்ல பேரம். ஆனால் அதுவரையில் சுற்றுப்பாதையை நோக்கி ஆஸ்ட்ரா ஏவிய ராக்கெட்டுகள் ஆறு, வெற்றி இரண்டு. மூன்றில் ஒன்று என்று வைத்து அதே கணக்கைப் போட்டால் 26 சதவீதம்தான் வருகிறது. மலிவான, சற்றே நம்பகம் குறைந்த ராக்கெட் என்பது ஒரு கொள்கை. அந்தச் 'சற்றே' பெரிதாகிவிட்டால், கூடுதலாக எத்தனை துணைக்கோள் வைத்திருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். குழாய் இணைப்பு, கலவை விகிதம், கம்பி வரைபடம், தெளிப்பான் அடைப்பு: எதுவும் ஒருமுறைக்கு மேல் வரவில்லை. செய்த தவற்றையே திரும்பச் செய்பவர்கள் அல்லர் இவர்கள். ஆனால் ஒரு ராக்கெட்டுக்குள் எத்தனை தவறுகள் காத்திருக்கின்றன என்பதை யாரும் முன்கூட்டி எண்ணிவிட முடியாது. பறக்கவிட்டே அவற்றைக் கண்டுபிடிப்பது என்றால், அந்த எண்ணிக்கை தீரும் வரையில் பணமும் தீராமல் இருக்க வேண்டும்.

பணம்தான் தீர்ந்தது. 2021 ஜூலை 1-ஆம் நாள், அதாவது ஒரு ராக்கெட்டும் சுற்றுப்பாதையை அடையாத நிலையில், ஆஸ்ட்ரா பங்குச் சந்தைக்கு வந்தது. ஏற்கெனவே சந்தையில் பதிவாகியிருந்த வேறொரு நிறுவனத்தோடு இணைந்து அது உள்ளே நுழைந்தபோது, அதன் மதிப்பு 210 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். இயற்பியல் விதிகளுக்கு இது தெரியாது; எரி அறை பங்கு விலையைப் பார்த்துக் குளிர்வதில்லை. 2022 ஆகஸ்டில், இந்த ராக்கெட் வகையையே கைவிட்டு, 600 கிலோ வரை ஏற்றக்கூடிய 'ராக்கெட் 4' என்னும் பெரியதொன்றைச் செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்தது. மீதமிருந்த நான்கு டிராபிக்ஸ் துணைக்கோள்களை 2023 மே மாதத்தில் வேறொரு தனியார் நிறுவனமான ராக்கெட் லேப் நியூசிலாந்திலிருந்து இருமுறையாக ஏவி, நல்லபடி நிலைநிறுத்தியது. நாசாவுக்கு வேண்டிய நான்கும் கிடைத்துவிட்டன.

பங்கு விலை சரிந்துகொண்டே போக, 2023-இல் 15 பங்குகளை ஒரு பங்காகச் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் நிறுவனத்தைத் தொடங்கிய அந்த இருவருமே, பங்கு ஒன்றுக்கு 50 சென்ட் கொடுத்து, அதைச் சந்தையிலிருந்து விலக்கித் திரும்பத் தம் கைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பங்குக்கு அது எவ்வளவு என்று 15-ஆல் வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைக்காலத்தில் அந்நிறுவனம் 2021-இல் விலைக்கு வாங்கிய இன்னொரு தொழிலும் உண்டு. துணைக்கோள்கள் விண்வெளிக்குப் போன பிறகு, அங்கே பாதையைச் சற்று மாற்றிக்கொள்வதற்கான சிறிய மின் உந்து எஞ்சின்கள். மின்னேற்றம் பெற்ற வாயு அணுக்களை மின்புலத்தால் விரட்டி வெளியே தள்ளுபவை. அவற்றின் உந்துவிசை ஒரு சில காகிதத் தாள்களின் எடைக்கு மேல் இராது. ஆனால் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். இவை நன்றாக விலைபோயின. ஸ்பேஸ் எக்ஸ் போன்ற மற்றவர்களுடைய ராக்கெட்டுகளில் ஏறி மேலே போய், அங்கே ஒழுங்காக வேலையும் செய்தன.